மாமா வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு ஃபிரேம்: என்ன வண்டி, எப்படித் தேற்றுவது?

#1 பெரம்பூர் பையன்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் பெரம்பூரில் மாமா வீட்டைக் காலி செய்தோம். மாடிப்படிக்குக் கீழே, கட்டில் கால்களுக்கும் ஓட்டை அண்டாவுக்கும் நடுவில் அவருடைய சைக்கிள் கிடந்தது. மாமா ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்தவர். கடைசி வரை அதில்தான் வேலைக்குப் போனார். கறுப்பு எனாமல், கேரியர், ஸ்டாண்டு, பெரிய 28 இன்ச் சக்கரம் என்று பார்த்தால் சாதாரண ரோட்ஸ்டர்தான். காயலான் கடைக்குப் போக வேண்டியது.

தூக்கினேன், சந்தேகம் வந்தது. கேரியர், சக்கரம், பெடல் மாட்டும் கிராங்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஃபோர்க்கையும் உருவிவிட்டு வெறும் ஃபிரேமைத் தெருமுனை அரிசிக் கடைத் தராசில் வைத்தேன். 2 கிலோ 100 கிராம். கடைக்காரரே இரண்டாவது தடவை நிறுத்துப் பார்த்தார். குழாய்கள் சேரும் லக்குகளில் கொடி மாதிரி வளைவு வளைவாக வேலைப்பாடு இருக்கிறது, ஆனால் அரை இஞ்சு பெயிண்டில் முங்கிக் கிடக்கிறது. ஃபோர்க்கின் வலது காலில் நடுவாக்கில் மரை போட்ட ஒரு சின்னக் குமிழ் வேறு. எதற்கென்று தெரியவில்லை.

அம்மா சொல்வது: அறுபதுகளின் கடைசியில் பக்கத்து வீட்டு ரயில்வே குடும்பம் ஒன்று நாட்டை விட்டுக் கிளம்பியபோது மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன வண்டி. அதற்கு முன்னால் யார் ஓட்டினார்கள், எங்கே வாங்கியது என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது.

பவுடர் கோட்டிங்குக்கு ஓர் இடத்தில் பேசி வைத்திருக்கிறேன். நாளைக்குக் கொடுக்கப் போகிறேன். சிவப்பா, நீலமா? அதைக் கேட்கத்தான் வந்தேன்.

#2 பழைய இரும்பு

விற்பனைக்கா? விலை சொல்லவும்.

#3 கோட்டம் எடுப்பவன்

நாளைக்குப் போகாதீர்கள். போன் செய்து காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுரண்டக் கொடுத்தால், வண்டியின் ஜாதகத்தைக் கிழித்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். முதலில் ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள். பிளாஸ்டிக் போதும். இதையெல்லாம் அளந்து போடுங்கள்: சீட் போஸ்ட் இறங்கும் குழாயின் உள்விட்டம், கிராங்க் அச்சு போகும் ஷெல்லின் அகலம், பின்சக்கரம் உட்காரும் இரண்டு டிராப்-அவுட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஷெல்லைக் கவிழ்த்து அடியில் நம்பர் ஏதாவது அடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். டிராப்-அவுட்டில் எழுத்து இருந்தால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

ரம்பமோ சுத்தியலோ இன்னும் கையில் எடுக்க வேண்டாம்.

#4 பெரம்பூர் பையன்

அளந்துவிட்டேன். சீட் போஸ்ட்டில்தான் முதல் வேடிக்கை. போஸ்ட் 25.4 மி.மீ. அதை உருவும்போது கூடவே ஒரு தகரச் சுருள் வந்தது. பால் பவுடர் டின்னை வெட்டி, ஒழுங்காக ஓரம் மடித்து, இரண்டு சுற்று சுற்றிச் செருகியிருக்கிறார் மாமா. உள்பக்கத்தில் டின்னின் மஞ்சள் பெயிண்டும் பாதிக் குழந்தை முகமும் இன்னும் இருக்கின்றன. தகரத்தை எடுத்தபின் குழாயின் உள்விட்டம் 27.2க்கு ஒரு மயிரிழை மேல்.

ஷெல் அகலம் 68 மி.மீ. அடியில் நான்கு இலக்க நம்பர், ஒவ்வோர் எண்ணும் கொஞ்சம் கோணலாக, கையால் அடித்தது மாதிரி. டிராப்-அவுட்டில் துடைத்ததும் 'கம்பக்னோலோ' என்று எழுத்து தெரிந்தது! பின் இடைவெளி 117. சக்கரம் மாட்டியிருந்தபோது 112 இருந்தது, அச்சைக் கழற்றியதும் விரிந்துகொண்டது.

#5 நூல்மட்டம்

தம்பி, நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் முப்பது வருஷம் கேஸ் வைத்து, பித்தளையை உருக்கிக் குழாய்களை ஒட்டிப் பத்த வைத்தவன். இப்போது ரிட்டையர். உங்கள் அளவுகளைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சீட் குழாயின் வெளிவிட்டம் 28.6 இருக்கும், பாருங்கள். அதற்குள் 27.2 போஸ்ட் இறங்குகிறது என்றால் குழாயின் சுவர் அந்த இடத்தில் 0.7 மி.மீ.கூடக் கிடையாது. சாதாரண இரும்பில் அந்த மெல்லிசில் வண்டி செய்தால் நாலு நாளில் நெளிந்துவிடும். இது கலப்பு உருக்கு. பெரும்பாலும் ரெனால்ட்ஸ் கம்பெனியின் 531 குழாய். பர்மிங்காமில் 1935இல் வந்தது. மாங்கனீசும் மாலிப்டினமும் சேர்ந்த எஃகு. அந்தக் குழாய்கள் ஓரத்தில் தடிமனாகவும் நடுவில் மெல்லிசாகவும் இருக்கும். சூடு படுகிற, பாரம் தாங்குகிற முனைகளில் சதை, மற்ற இடத்தில் எலும்பு. அப்படி இழுக்கிற முறைக்கு ரெனால்ட்ஸ்காரர்கள் 1897லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். மேல் பாரை நடுவில் நகத்தால் சுண்டுங்கள். அப்புறம் பழைய ரோட்ஸ்டர் ஒன்றின் பாரைச் சுண்டுங்கள். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான். காது சொல்லிவிடும்.

#6 ஓ.எம்.ஆர். மிதிவண்டி

லக் படங்களை இணையத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன். அது நெர்வெக்ஸ் புரொஃபஷனல், பிரெஞ்சு சாமான். அதே லக்கும் அதே 531 குழாயும் பெஷோ என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் பிஎக்ஸ்-10 பந்தய வண்டியில் வரும். ஆக இது பெஷோ, கேஸ் முடிந்தது. 🙂

இன்னொரு கோணம்: பிரிட்டனில் ரெனால்ட்ஸ் அப்போது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் கம்பெனி. அதே குழுமத்தின் கூட்டில்தான் 1949இல் நம் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பித்தது. ஆவடியில் குழாய்த் தொழிற்சாலை 1955இல் வந்தது. குழாய் ஏன் ஆவடியிலேயே செய்ததாக இருக்கக்கூடாது?

#7 நூல்மட்டம்

சொந்தக்காரர்கள் என்பதற்காக எல்லோரும் ஒரே அடுப்பில் சமைப்பதில்லை, தம்பி. 531 பர்மிங்காமில் இழுத்த குழாய். ஆவடிக் குழாய் வேறு வேலைக்கு.

பெஷோவும் இல்லை. பிஎக்ஸ்-10 முழுக்க மெட்ரிக் கணக்கு. சீட் குழாயே 28 மி.மீ., போஸ்ட் 26.4 பக்கம்தான் இறங்கும். ஷெல்லில் 35 மி.மீ. விட்டத்தில், 1 மி.மீ. இடைவெளியில் மரை இருக்கும். இத்தாலி வண்டி என்றால் ஷெல்லே 70 மி.மீ. அகலம், 36 மி.மீ. மரை. இங்கிலீஷ் என்றால் 1.370 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. லக்கை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கி மாட்டலாம். இங்கிலாந்தில் பாதிப் பட்டறைகள் பிரான்சிலிருந்துதான் லக் வாங்கின. கம்பக்னோலோ டிராப்-அவுட்டும் அப்படித்தான், இத்தாலியிலிருந்து வரும். எழுத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, மரையைப் பாருங்கள். ஷெல்லின் இரு முனையிலும் திருகியிருக்கும் கிராங்க் கப் இரண்டையும் கழற்றுங்கள், நாடு தெரிந்துவிடும்.

117 என்ற அளவுதான் எனக்கு உறுத்துகிறது. அது எந்தக் கணக்கிலும் வராது. கப் வந்ததும் நூல் பிடித்துப் பார்ப்போம்.

#8 பெரம்பூர் பையன்

இடது கப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. வலது கப்புக்கு மூன்று நாள்.

முதல் நாள் நானே முயன்றேன். இரண்டாம் நாள் எங்கள் தெரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் இரும்புக் குழாயை ஸ்பேனரில் செருகி, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, வழக்கமாகக் கழற்றுகிற பக்கம் தொங்கினார். அசையவில்லை. உளியை வைக்கப் போனார். கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன்.

#9 கோட்டம் எடுப்பவன்

உளி வைக்காமல் தப்பியது புண்ணியம். இங்கிலீஷ் ஷெல்லாக இருந்தால் வலது கப் இடது மரை. அதாவது கடிகாரம் சுற்றுகிற திசையில் திருப்பினால்தான் கழலும். உங்கள் மெக்கானிக் நேற்று முழுக்க இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்!

செய்ய வேண்டியது: கப்பில் துருநீக்கி எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் ஓர் அரை இஞ்சு போல்ட்டை வலது பக்க வெளியிலிருந்து கப்பின் ஓட்டை வழியாகச் செருகி, உள்ளே பெரிய வாஷரும் நட்டும் போட்டு, கப்பையே கவ்வும்படி முறுக்குங்கள். நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு போல்ட் தலையைக் கடிகார திசையில் திருப்பிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் போல்ட்டுக்கு இறுக இடமில்லாமல் கப்பும் சேர்ந்து சுழலும். மரை உடையாது, ஸ்பேனர் வழுக்காது.

#10 பெரம்பூர் பையன்

வந்துவிட்டது! 'டொக்' என்று ஒரு சத்தம். முதலில் எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். கடிகார திசையில்தான் கழன்றது. லேத்து பட்டறையில் மரை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தார்கள்: அங்குலத்துக்கு 24. நூல்மட்டம் ஐயா, நீங்கள் சொன்னதுதான். இங்கிலாந்து வண்டி.

ஷெல்லுக்குள் ஒரு கைப்பிடி செம்மண் மாதிரி துரு. அதோடு ஒரு பழைய பால்ரஸ், செத்த கரப்பான்.

#11 அடையாறு அதிகாலை

ஃபோர்க் குமிழுக்கு நான் பதில் சொல்கிறேன். அது விளக்கு மாட்டுகிற இடம். சாலையில் இடது பக்கம் போகிற ஊர்க்காரர்கள் வலது ஃபோர்க் காலில் விளக்கை மாட்டுவார்கள், எதிரே வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று. இது அசல் பிரிட்டிஷ் கிளப் வண்டியின் அடையாளம். பந்தய ஃபிரேமில் விளக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அங்கே ஓட்டுகிறவர்கள் வார நாளில் மட்கார்டு, விளக்கோடு வேலைக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் பந்தயத்துக்குப் போய், அங்கே மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டி, திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். டிராப்-அவுட் பக்கத்தில் மட்கார்டு கம்பிக்கு ஓட்டை இருக்கும், பாருங்கள்.

அந்த ஊர்ப் பந்தயமும் விசித்திரம்தான். சாலையில் கும்பலாக ஓட்டினால் போலீஸ் தொல்லை வரும் என்று 1890களிலிருந்தே ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் முறையைப் பிடித்துக்கொண்டார்கள். விடியற்காலையில், கறுப்பு உடுப்பில், பாதைக்கு ரகசியக் குறியீட்டுப் பெயர் வைத்து. 1942இல் பெர்சி ஸ்டாலார்ட் என்பவர் லாங்கோலனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டனுக்குக் கும்பல் பந்தயம் நடத்தியதற்காக அவரைச் சங்கத்தை விட்டே தள்ளிவைத்தார்கள். காலை 4:45க்கு ஈ.சி.ஆரில் லாரிக்குப் பயந்து ஓட்டுகிற நமக்கு அந்த ஆட்களைப் புரியும்.

அப்புறம் பவுடர் கோட்டிங் பற்றி. நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம். என் பழைய இத்தாலி ஃபிரேமை ஓர் இடத்தில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். கேட் கம்பிக்கு அடிக்கிற அதே முரட்டு மணலை அடித்தார்கள். லக்கின் கூர்மையான ஓரமெல்லாம் மழுங்கி, சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிட்டது. ஷெல் மரைக்குள் பவுடர் உருகி உட்கார்ந்து, அதைச் சுத்தம் செய்யவே தனியாக மரை வெட்டும் டேப்பை விட வேண்டியிருந்தது. பவுடரை வேக வைக்கும் 180, 200 டிகிரி சூட்டால் பித்தளைப் பத்துக்கு ஒன்றும் ஆகாது, அந்தப் பயம் வேண்டாம். மணலும் தடிமனும்தான் எமன். அரை மி.மீ. சுவர்மேல் மணலை அடிப்பதற்கு முன் யோசியுங்கள்.

#12 பெரம்பூர் பையன்

அக்கா, பவுடர் ரத்து.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாகத் தண்ணீர் பேப்பர் போட்டுப் பெயிண்டைத் தேய்க்கிறேன். 800இல் ஆரம்பித்து 1500 வரை, சோப்புத் தண்ணீர் தொட்டுத் தொட்டு. மேலே மாமாவின் கறுப்பு. அதற்கடியில் ஒரு பழுப்பு ப்ரைமர். அதற்கும் அடியில் மயில் கழுத்துப் பச்சை! தலைக்குழாய்ப் பக்கத்து லக்கில் ஓரம் முழுக்கத் தங்க நிறக் கோடு, மெல்லிய தூரிகையில் கையால் இழுத்தது. சில இடத்தில் தூரிகை திரும்பிய இடம்கூடத் தெரிகிறது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு டாங்க்கில் கையால் கோடு போடுவார்களே, அதே தினுசு.

சீட் குழாயின் மேல்பக்கத்தில் ஸ்டிக்கர் இருந்த தடம் இருக்கிறது. பக்கவாட்டில் விளக்கடித்துப் பார்த்தால் '531' படிக்க முடிகிறது. கீழ்க்குழாயில் கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் மாமா உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார். வளைவான எழுத்தின் ஒரு வால் மட்டும்தான் மிச்சம். நம்பரையும் லக் படத்தையும் இங்கிலாந்தில் பழைய சைக்கிள் சங்கத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

#13 ஓ.எம்.ஆர். மிதிவண்டி

பெஷோவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பச்சை அடித்து, தங்கக் கோடு போட்டு, 531 ஸ்டிக்கர் வரவழைத்து ஒட்டுவதுதானே முறை? பாதிப் பெயிண்டோடு சொறி பிடித்த மாதிரி நிறுத்தி வைப்பதற்குப் பெயர் ரெஸ்டோரேஷனா?

#14 கோட்டம் எடுப்பவன்

ஸ்டிக்கர் எந்தக் கம்பெனிக்கு ஒட்டுவீர்கள்? பெயரே தெரியாத வண்டிக்குப் பெரிய பெயர் ஒட்டினால் அதற்குப் பெயர் மோசடி. கையில் இருக்கிற பச்சை ஒரு தடவை போனால் போனதுதான், எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் அந்தக் கோட்டை அந்தக் கை திரும்பப் போடாது.

#15 நூல்மட்டம்

பெயர் கிடைக்காமலும் போகலாம், தம்பி, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். லண்டனிலும் லீட்ஸிலும் டெர்பியிலும் தெருவுக்கு ஒரு கடை இருந்த காலம். கடையில் ஒட்டியது ஒரு பெயர், பின்கட்டில் பத்த வைத்தது வேறு ஆளாக இருக்கும்.

ஆனால் செய்த ஆள் கைகாரன். கீழ் லக்கைக் கிட்டத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லக்கின் முனைகளை அரம் போட்டுத் தாள் மாதிரி மெல்லிசாக்கியிருக்கிறான். பித்தளை ஓரம் முழுக்க ஒரே அளவில் எட்டிப் பார்க்கிறது, எங்கும் வழிந்து கட்டி தட்டவில்லை. அதற்கு ஏறக்குறைய 900 டிகிரியில் ஜுவாலையைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் 531 கெட்டுவிடும், குறைந்தால் பித்தளை உள்ளே ஓடாது. சூடு அளக்கும் பைரோமீட்டர் கிடையாது, எஃகின் நிறம் பார்த்துத்தான். நானே எத்தனையோ மூட்டுகளைக் கருக்கியிருக்கிறேன்.

கறுப்பையும் குப்பை என்று நினைக்காதீர்கள். உங்கள் மாமா அந்தக் கறுப்பில்தானே ஓட்டினார்?

இனி நூல் விஷயம். 'நூல் பிடித்தாற்போல்' என்று சும்மா சொல்வதில்லை. ஒரு டிராப்-அவுட்டில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, மறு டிராப்-அவுட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் அளந்து சொல்லுங்கள்.

#16 பெரம்பூர் பையன்

வலது 33, இடது 31.

#17 நூல்மட்டம்

அப்படிச் சொல்லுங்கள். நூலில் 2 மி.மீ. குறைந்தால் டிராப்-அவுட்டில் கிட்டத்தட்ட 3. இடது காலை மாமா ரோட்ஸ்டர் ஹப்பைப் போட்டு முறுக்கி முறுக்கி உள்ளே இழுத்துவிட்டார். 117உம் 3உம் 120. ஐந்து பல்சக்கர ஃப்ரீவீல் காலத்து அளவு, சரியாக வருகிறது. கம்பக்னோலோவின் கிரான் ஸ்போர்ட் கியர் பிரபலமான பிறகு, அதாவது 50களின் நடுவிலிருந்து 60களின் பாதிக்குள் செய்த ஃபிரேம் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

நெருப்பு வேண்டாம். குளிர்ச்சியாகவே வளைக்கலாம், எஃகு அந்தளவுக்கு இடம் கொடுக்கும். ஃபிரேமைப் படுக்கவைத்து, இடது காலை மட்டும், ஒரு தடவைக்கு ஒரு மி.மீ. அளவு. ஒவ்வொரு தடவையும் நூல் பிடித்துப் பாருங்கள். கூடுதலாக இழுத்துவிட்டுத் திரும்பத் தள்ளுகிற விளையாட்டு கூடாது.

#18 அடையாறு அதிகாலை

துருவுக்கு: வெளியில் லேசாக இருந்தால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காய வைத்து உடனே எண்ணெய். ஃபோர்க் நுனிக் குரோமுக்கு நான் புளியைக் கரைத்துத் தேய்த்தேன், குத்துவிளக்குக்குத் தேய்ப்பது மாதிரியே. மிச்சத்துக்கு அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும். குழாய்களின் உள்ளே ஆளி விதை எண்ணெயை ஊற்றி, எல்லாப் பக்கமும் சாய்த்து வடிய விடுங்கள். நம் ஊர்க் கடற்காற்றுக்கு வெளிப் பெயிண்டைவிட இதுதான் காவல். நான் பெசன்ட் நகரில் கற்றுக்கொண்ட பாடம், பாதி வண்டியை இழந்த பிறகு.

#19 பெரம்பூர் பையன்

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை, மன்னிக்கவும்.

இடது கால் நேராகிவிட்டது, நூல் இரண்டு பக்கமும் 33. பச்சை எவ்வளவு தேறியதோ அவ்வளவும் அப்படியே இருக்கிறது. தேறாத இடத்தில் புதுப்பேட்டையில் கார் பெயிண்ட் கலக்குகிற ஒருவர் நிறம் சேர்த்துக் கொடுத்தார், தூரிகையால் தொட்டு வைத்தேன். பின்பக்கக் கால்களில் கேரியர் கிளிப் இருந்த இடத்தில் கறுப்பை விட்டுவிட்டேன், ஐயா சொன்னதற்காக. ஃபோர்க் கிரீடத்தின் அடியில் 28 இன்ச் டயர் உரசி உரசிப் பளபளப்பாகியிருந்தது, அதையும் தொடவில்லை. இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. படத்தைப் பார்த்து யாருடையது என்று சொல்ல முடியவில்லை, காலம் மட்டும் ஐயா சொன்ன அதே காலம்.

சக்கரத்துக்கு ராட்டன் பஜார் முழுக்க அலைந்தேன். அசலாக 27 இன்ச் இருந்திருக்க வேண்டும், அதற்கு இப்போது டயர் தேடுவது பெரும்பாடு. இப்போது வழக்கத்தில் உள்ள 700சி சக்கரம் போட்டேன். ரிம் விட்டம் 630 மி.மீ.க்குப் பதில் 622, அதனால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டியிருந்தது. நீளக் கை பிரேக் மாட்டிச் சமாளித்தேன்.

நேற்று காலை 5 மணிக்கு முதல் ஓட்டம். பெரம்பூரிலிருந்து மெரினா, அங்கிருந்து பெசன்ட் நகர். நேப்பியர் பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது வண்டி கூடவே ஒரு பிடி முன்னால் குதித்தது. ரோட்ஸ்டரில் அந்த மாதிரி நடந்ததே இல்லை. திரும்பி வந்து நிறுத்தியதும் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணன் வண்டி கறுப்புதானே?" என்றார்கள். கேரியர் தழும்பைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தார்கள்.

27.2 போஸ்ட் வாங்கிவிட்டதால் மாமாவின் தகரத்துக்கு வேலை இல்லை. அம்மா வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

#20 பழைய இரும்பு

விற்பனைக்கா?

#21 பெரம்பூர் பையன்

எது, தகரமா சைக்கிளா? இரண்டும் இல்லை.